எட்டாவது நட்சத்திரம்

"இந்த நட்சத்திரக் கூட்டத்துல ஏழுதான் வரைஞ்சிருக்கே. எட்டாவது நட்சத்திரம் எங்கே?" என்று பரீட்சைத் தாளை மகளின் முகத்துக்கு நேரே ஆட்டினேன்.

"வானத்துல ஏழுதாம்ப்பா இருக்கு. மாடியில நின்னு எண்ணிட்டுதான் வரைஞ்சேன்."

"வானத்தை விடு. பழைய வானநூல்ல எட்டு இருக்கு. உன் பாடப் புத்தகத்துலயும் எட்டு போட்டிருக்காங்க!"

போட வைத்தவனே நான்தான். வேறெந்த நூலிலும் இல்லாத அந்த எட்டாவது நட்சத்திரத்தை அந்தப் பழைய வானநூலில் கண்டுபிடித்து டாக்டர் பட்டம் வாங்கியவன். 'அது பிற்காலத்தில் அணைந்துவிட்டது' என்று மேடை மேடையாக முழங்கியவன்.

அவள் வாயை அடைக்க நூலகத்துக்கே இழுத்துப் போனேன். நூலின் மூலப் பிரதியை மேசையில் வைத்தார்கள்.

"பார்த்தியா? எண்ணு!"

அந்தப் பக்கத்துப் படத்தில் இருந்த கறுப்புப் புள்ளிகளை எண்ணினாள். எட்டு. நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். "அப்பா, உங்க நட்சத்திரம் அடுத்த பக்கத்துலயும் இருக்கு." இன்னொன்றைப் புரட்டினாள். "இதுலயும் இருக்குப்பா!"

பக்கத்து மேசையில் கிழிந்த தாள்களை ஒட்டிக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். "அது பூச்சி அரிச்ச ஓட்டை, பாப்பா. இந்த அட்டையிலேருந்து அந்த அட்டை வரைக்கும் துளைச்சிருக்கு."

பத்து வருடமாக நான் கட்டிக்கொண்டு அழுதது அந்த ஒரே ஒரு பக்கத்தின் ஜெராக்ஸ். அதில் ஓட்டை கறுப்பாக, அழகாக விழுந்திருந்தது.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ இந்த நூலை முழுசா முடிச்சது அந்தப் பூச்சி மட்டும்தானாப்பா?"