பூ என்ன கலரு?

அபிராமத்தில் சேதுபதி வீட்டுக் கூடத்தில், புதிதாகப் பதித்த பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கற்களின் மேல் காலை வெயில் விழுகிறது. தேக்குத் தூண், பித்தளைத் தொங்குவிளக்கு, சங்கிலி ஊஞ்சல் எல்லாமே மனைவி முருகேஸ்வரி இருபது வருடமாகக் கேட்டவை. "இந்தத் தடவ மொளகா வெளையட்டும்" என்றே அவர் தள்ளிப்போட்டு வந்தார். போன ஆடியில் சர்க்கரை நோய் அவள் பார்வையை முழுதாகப் பறித்துக்கொண்டது. இப்போது அவள் தரையில் உட்கார்ந்து கற்களைத் தடவுகிறாள். குளிர்ச்சி தெரிகிறது, பூ கைக்கு அகப்படவில்லை.

"ஏங்க, பூ என்ன கலரு?"

"மஞ்சளு. நடுவுல செகப்பு."

அவள் கை நிற்கிறது.

"நான் பச்சையில்ல கேட்டிருந்தேன்? சரி, மஞ்சளும் நல்லாத்தான் இருக்கும்."

மறுபடியும் தடவுகிறாள். பச்சை என்றே சொல்லியிருக்கலாம் என்று சேதுபதிக்கு அப்புறம்தான் தோன்றுகிறது.