ஆறாவது வட்டு

வட்டை அளவுக்கருவியின் கீழ் வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். மேசைக்கு அந்தப் பக்கம், ஸ்டூலில் அக்கா.

அவள் புருஷன், அவனுக்கு மாமா, கடைசியாகக் கடைந்த வட்டு அது. பார்த்தே ஆகவேண்டும் என்று வந்திருந்தாள். அவர் போய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது.

உள்ளங்கை அகல எஃகு. லென்ஸ் வார்க்கும் அச்சு. முகம் பார்த்துத் தலை வாரலாம், அத்தனை பளபளப்பு.

எஃகை இப்படிக் கடைவது லேசுப்பட்ட காரியமில்லை. வைரமுனைதான் இந்த வழவழப்பைக் கொடுக்கும். ஆனால் வைரமும் கரிதானே. சூடேறினால், தேநீர் சர்க்கரைக் கட்டியைக் கரைப்பதுபோல எஃகு அதைக் கரைத்துவிடும். அதனால் வெட்டும் இடத்தில் திரவ நைட்ரஜனைப் பீய்ச்சுவார்கள். அந்தக் குளிரில் எஃகு வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

பீய்ச்சிய நைட்ரஜன் ஆவியாகி அறையில் நிறையும். நிறமில்லை, வாசனையில்லை. மூச்சுக்காற்றை ஓசைப்படாமல் வெளியே தள்ளிவிடும். உள்ளே இருப்பவருக்கு நினைவு போகுமுன்பே கால் ஓய்ந்துவிடும், கதவுவரை நடக்க முடியாது.

அதை உறிஞ்சி எடுக்க ஒரு விசிறி உண்டு. விசிறி ஓடினால் அறையின் வெப்பம் கால் டிகிரி ஆடும், வட்டு வீண். ஐந்து வட்டுகள் அப்படித்தான் போயின. ஆறாவதற்கு மாமா விசிறியை நிறுத்தினார்.

அவர் நிறுத்தியது அவனுக்கும் தெரியும்.

“மேனேஜர் சொன்னாரு, தூக்கம் வர்ற மாதிரி இருந்திருக்குமாம், ஒரு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சிருக்குமாம். நிஜமாடா?”

அவன் அளவுக்கருவியின் திரையைப் பார்த்தான்.

கடைந்த வட்டு ஒரு கடிகாரம். வைரம் விளிம்பில் தொடங்கி, சுருள் சுருளாக, நிமிடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் மையத்தை நோக்கி நகரும். நடுவே இயந்திரம் துளி ஆடினாலும், அந்த ஆட்டம் அந்த இடத்திலேயே பதிந்துவிடும். இடம் தெரிந்தால் நேரம் தெரியும்.

தரையில் எதைப் போட்டு இடித்தாலும் அது ஆடாது. இயந்திரத்தைத் தாங்கும் கருங்கல், காற்றுப் பைகளின் மேல் மிதக்கிறது. அந்தக் கல்லையே அடித்தால்தான் உண்டு.

மையத்திலிருந்து முப்பத்தொன்றாவது மில்லிமீட்டரில் மூன்று அலைகள். ஒவ்வொன்றும் தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு உயரம்.

கொஞ்சம் தள்ளி மறுபடி மூன்று. அப்புறம் மூன்று, மங்கலாக.

ஒன்பதாவது மில்லிமீட்டரில் இரண்டு. அதற்கு உள்ளே ஒன்றுமில்லை. துடைத்துவிட்டதுபோல் சுத்தம்.

இருபத்திரண்டு மில்லிமீட்டர். பதினோரு நிமிடம்.

“நிஜந்தான்க்கா.”

அவள் கையை நீட்டினாள். வெறுங்கையால் தொடக் கூடாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எடுத்துக் கொடுத்தான்.

ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

“ஒரு கீறல்கூட இல்லடா. வீட்ல ஒரு ஆணிய நேரா அடிக்கத் தெரியாது அந்த மனுஷனுக்கு.”

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“நீ சுவத்துக்கு இந்தப் பக்கந்தானே இருந்தே. ஒரு சத்தமும் கேக்கலையா?”

“கேக்கலக்கா.”

அது பொய்யில்லை. அந்தச் சுவரைத் தாண்டிச் சத்தம் வராது. கல் ஆடினால் அவன் மேசையில் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கும், அவ்வளவுதான். வேலை ஓய்ந்த நேரத்தில் மாமா உள்ளிருந்து கல்லை மூன்று தட்டுத் தட்டுவார். ‘டீக்குக் கிளம்பு மாப்ள’ என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

அன்றும் மூன்று முறை மினுக்கியது.

வைரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மாமா அந்தக் கல்லின் மேல் விரலைக்கூட வைக்கமாட்டார். அதை அவன் நினைத்துப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தால் ஆறாவதும் போய்விடுமே என்றுதான் நினைத்தான்.

“இருங்க மாமா, இதை முடிச்சிட்டுப் போலாம்” என்று விளக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அது மறுபடி மினுக்குவதற்கு முன்பே அணைத்துவிட்டான்.