இரண்டாம் பாகத்து நடை

“நடையே சரியில்ல மாமா,” என்றான் அவள் தம்பி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்த அவள் கணவர் எழுந்து உட்கார்ந்தார். வேறு எதைக் குறை சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். சண்டை சப்பென்று இருக்கிறது, கதை ஜவ்வாக இழுக்கிறது, என்ன வேண்டுமானாலும். நடையைச் சொன்னால் அது அவரையே சொன்ன மாதிரி.

ஏனென்றால் அந்த வீடியோ கேமின் கதாநாயகன் நடப்பது அவருடைய நடை.

முகம் யாரோ ஒரு அழகனுடையது. குரல் இன்னொருவனுடையது. ஓடுவதும் தாவுவதும் உதைப்பதும், வாளை முதுகில் மாட்டிக்கொண்டு தெரு நடுவே அலட்சியமாக வருவதும் மட்டும் இவர். சினிமாவில் மற்றவர்களுக்காக அடிவாங்கிக்கொண்டிருந்த ஸ்டண்ட்காரரைக் கூட்டிப்போய், வெள்ளைப் பொட்டுகள் ஒட்டிய கறுப்பு உடையை மாட்டிவிட்டு, காலி அறையில் நடக்கிறோம் என்பதே மறந்துபோகும்வரை மணிக்கணக்கில் நடக்கவைத்து, சுற்றிலும் கேமராக்களால் பிடித்தார்கள். முதல் பாகம் சக்கைப்போடு போட்டது. பையன்களெல்லாம் அந்த நடையை நடந்து பார்த்தார்கள்.

அவள் கல்யாணத்துக்கு முன்பே அந்த நடையில் விழுந்தவள். முகம் தெரியாத தூரத்தில், கூட்டத்துக்கு நடுவிலும் அவரைக் கண்டுபிடித்துவிடுவாள்.

இரண்டாம் பாகத்துக்கு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். டிரெய்லருக்கே அத்தனை கூச்சல். இன்று காலை வெளியானது. தம்பி ஆபீசுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, அக்கா வீட்டுப் பெரிய டிவியில் விளையாட வந்து உட்கார்ந்தான். மதியத்துக்குள் முகம் தொங்கிப்போய்விட்டது.

“இவ்ளோ பில்டப் குடுத்துட்டு, அந்த கெத்து எங்க மாமா? மளிகைக் கடைக்குப் போறவன் மாதிரி போறான்.”

இணையத்திலும் அதே பாட்டுத்தான். ஹீரோவுக்கு வயசாகிவிட்டது என்றான் ஒருவன். ஒரு கை கட்டை மாதிரி தொங்குகிறது, கம்பெனி காசை மிச்சம் பிடித்துவிட்டது என்றான் இன்னொருவன்.

“நான் அதே நடைதான் நடந்தேன் மாப்ள. கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது சொதப்பியிருக்கானுங்க.”

தம்பி விடவில்லை. முதல் பாகத்தைப் போனில் ஓடவிட்டு டிவிக்குப் பக்கத்தில் பிடித்தான்.

ஓரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். போனில் இருந்தவனின் கைகள் இரண்டும் தாராளமாக வீசின. டிவியில் இருந்தவனின் வலது கை வீசியது. இடது கை லேசாக மடங்கி, எதையோ ஏந்திக்கொண்டு வருவதுபோல இடுப்போரம் அசையாமல் வந்தது.

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில், நடை கெட்டுப்போனவர்களை மறுபடி நடக்கப் பழக்கும் அவளுடைய அறைக்கு அந்தக் கை அடிக்கடி வரும். நடுக்குவாதத்தின் முதல் அறிகுறி. கொஞ்ச நாளில் நடுங்க ஆரம்பிக்கும். பிறகு கால் பின்னும். சட்டைப் பொத்தான் போட ஆள் வேண்டியிருக்கும்.

இடது தோள் வலிக்கிறது என்று இவர் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஷூட்டிங்கில் விழுந்த அடி என்று அவள்தான் தைலம் தேய்த்துவிட்டாள். பாவி, எப்படிக் கவனிக்காமல் போனேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“என்ன சந்தேகம்? இப்ப நடந்து காட்டறேன், பாரு,” என்று அவர் எழுந்தார்.

ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தார். தோள் நிமிர்ந்திருந்தது. இரண்டு கைகளும் வீசின. ஒரு குறையும் இல்லை, அச்சு அசல் முதல் பாகம்.

தம்பி விசிலடித்தான். கம்பெனிக்காரனைத்தான் உதைக்க வேண்டும் என்றான். அடுத்து ஒரு கூடுதல் பாகம் வரப்போகிறது, அதற்கு நடக்கப் போகும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுகிறேன் என்று இவரும் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. புழுக்கமாக இருக்கிறது என்று முணுமுணுத்தபடி போய் வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்தாள். துணியை மறுபடி மடிக்க எடுத்தாள். அவர் சோபாவில் சாய்ந்து, பேச்சு வேறு பக்கம் போகும்வரை காத்திருந்தாள்.

“ஏங்க, வாசக்கதவு திறந்தே கெடக்கு. சாத்திட்டு வாங்களேன்.”

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அப்படி வரவழைப்பது அவளுக்குப் பழக்கம்.

நடந்து காட்டுங்கள் என்றால் ஆரம்பத்தில் எல்லோரும் நன்றாகவே நடந்துவிடுவார்கள். நினைத்து நடக்கும்போது கையும் சொன்னபடி கேட்கும். அதனால் புதிதாக வருகிற யாரையும் அவள் எடுத்த எடுப்பில் நடக்கச் சொல்வதில்லை. தன் அறைக் கதவைத் திறந்தே வைத்திருப்பாள். அவர்கள் உட்கார்ந்து, வீட்டுக்கதை பேசி, எதற்கு வந்தோம் என்பதையே மறந்த பிறகு இதே வார்த்தைகளைத்தான் சொல்வாள்.

அவர் எழுந்தார். தம்பியோடு வாயாடிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

தம்பி சிரித்தபடி அவரைப் பார்த்தான். பிறகு டிவியைப் பார்த்தான். மறுபடி அவரைப் பார்த்தான்.

“அக்கா,” என்றான், குரல் இறங்கிப்போய். “கேம் சரியாத்தான் இருக்கு.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வருவதற்குள் அவள் முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது.