இருபத்தைந்து எழுத்து

புது டிஸ்க் மாட்டிய கணினியில் இணையம் வந்த மறுநிமிடமே, மென்பொருள் உரிமம் உறுதியாகிவிட்டது என்று திரை தானாகவே காட்டுகிறது. பழுது பார்க்க வந்தவனுக்குக் காதுமடல் சுடுகிறது. பழைய டிஸ்கோடு உரிமமும் போய்விட்டது, வாங்கியபோது தந்த சீட்டிலுள்ள இருபத்தைந்து எழுத்து எண் இல்லாமல் கணினி இயங்காது என்று நேற்று அடித்துச் சொன்னவன் அவன்தான். உரிமம் டிஸ்கில் அல்ல, கணினிக்குள் இருக்கும் மதர்போர்டோடு ஒட்டியிருக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் பேச்சை நம்பி, வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்யும் அந்த அக்கா அலமாரி, பரண் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டியிருக்கிறாள். முழங்கை வரை தூசி, தலைமுடியில் ஒட்டடை. "கிடைச்சிருச்சு தம்பி," என்று வந்து, மடிப்பில் கிழிந்த சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறாள். "வாசிக்கிறேன், அடிச்சுக்கோ." உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறக்கிறான். "சொல்லுங்கக்கா" என்றுதான் வருகிறது. திரையை லேசாகத் தன் பக்கம் திருப்பி, வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறக்கிறான். அவள் கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, அவன் ஒவ்வொன்றாக அடிக்கிறான். இருபத்தைந்தாவது எழுத்து முடிந்ததும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ஏத்துக்கிச்சா?" என்கிறாள். "ஏத்துக்கிச்சுக்கா." "நீ மட்டும் சொல்லலைன்னா என் பொழப்பு என்ன ஆயிருக்கும்," என்று அவள் தூசிக் கையோடு சிரிக்கிறாள். அவன் நிமிரவில்லை. அடித்த எழுத்துகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறான்.