ஒரு கோல் எத்தனை மீட்டர்

நேராக மலைக்குள் போகும் பழைய சுரங்கம் முதல் தூணுக்கு அப்பால் இடிந்து கிடக்கிறது. அதன் உள்ளறையில் சர்வேயரின் கணவன் சிக்கியிருக்கிறான். காற்றுக்குத் துளை போட, மலைமேல் இயந்திரத்தோடு கொழுந்தன் பரிதவித்து நிற்கிறான்.

"வாசல்ல இருந்து எத்தனை மீட்டர் அண்ணி? சட்டுனு சொல்லுங்க!"

அவள் நிற்கும் வாசலின் கல்வெட்டு உள்ளறைக்கு இருபது கோல் என்கிறது.

"எந்தக் கோல்னு போடலையே தம்பி! எட்டடியில இருந்து பன்னிரண்டடி வரைக்கும் உண்டு. தப்பாச் சொன்னா வெறும் பாறையத்தான் குடைவோம்."

டார்ச் வெளிச்சத்தில் எழுத்துகளை மறுபடி தடவுகிறாள். முதல் தூணுக்கு நான்கு கோல். அந்தத் தூண் இன்னும் நிற்கிறதே! அளவு நாடாவை இழுத்தபடி உள்ளே தவழ்கிறாள். முதுகில் மண் பொலபொலவென்று உதிர்கிறது. தூணடியில் நாடா பதின்மூன்று மீட்டர் காட்டுகிறது. இருபது கோலுக்கு அதை ஐந்தால் பெருக்குகிறாள்.

"அறுபத்தஞ்சு!" என்று வெளியே வந்து அலறுகிறாள்.

இயந்திரம் உறுமுகிறது. அவள் மேலேறி வருவதற்கும் குழாய் திடுமென வெற்றிடத்தில் இறங்குவதற்கும் சரியாக இருக்கிறது. கொழுந்தன் இயந்திரத்தை நிறுத்துகிறான். குழாயில் காது வைக்கிறாள். சத்தமே இல்லை. வாயை வைத்து, "என்னங்க..." என்கிறாள்.

வெகு கீழே யாரோ இருமுகிறார்கள்.