அம்பு பட்ட பிறகு

செபஸ்தியார் எப்படி இறந்தார் என்று அதிகாரி கேட்டார்.

அதைத் தமிழில் அமலதாசனிடம் சொல்லும்போதே எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலை ஒன்பதரையிலிருந்து அந்தச் சிட்னி அறையில் அவர் கேட்டு நான் மொழிபெயர்த்த கேள்விகளில் இது ஒன்றுதான் லேசானது.

அமலதாசன் அகதியாகப் படகில் வந்து பதின்மூன்று வருடம். லிட்கம் புறநகரில் ஒரு கராஜில் குடியிருக்கிறார். இறைச்சி வெட்டும் வேலை. இந்த விசாரணையிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஊரில் புனித செபஸ்தியார் திருநாள் ஊர்வலத்தில் அவருடைய சிலையை, சொரூபத்தை, தூக்கிவிட்டு வீடு திரும்பும்போது யாரோ சுட்டார்கள் என்பது அவருடைய வழக்கு. தோளில் ஒன்று, தொடையில் ஒன்று. செத்துவிட்டான் என்று விட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பக்கம் வந்த ஒரு பெண் இழுத்துப்போய் மருந்து கட்டியிருக்கிறாள்.

பிழைத்துவிட்டீர்களே, இத்தனை வருடம் கழித்துத் திரும்பிப் போக என்ன பயம் என்று அதிகாரி காலையிலேயே கேட்டிருந்தார். மனிதர் வாயே திறக்கவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு அதிகாரி அடுத்த தாளுக்குப் போய்விட்டார். அதிகாரி மேல் வந்த ஆத்திரத்தை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

இப்போது சொரூபம் தூக்கியது உண்மைதானா என்று பார்க்கிறார்கள்.

நான் சைவ சமயம். ஆனால் எங்கள் வீட்டு ஒழுங்கை, அந்தச் சின்னத் தெருவின் முனையில்தான் செபஸ்தியார் கோயில். மரத்தில் கட்டுண்டு, உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்பார். பத்து வருடம் அவரைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். அவர் எப்படி இறந்தார் என்று எனக்கே தெரியும்.

அமலதாசன் தொண்டையைச் செருமினார்.

“அம்பாலை சாகேல்லை, மிஸ். செத்திட்டார் எண்டு விட்டிட்டுப் போட்டாங்கள். ஒரு பொம்பிளைதான் மருந்து கட்டிக் காப்பாத்தினவ. சுகம் வந்த பிறகு அரசனிட்டைத் திரும்பிப் போனவர். அப்பதான் பொல்லாலை அடிச்சுக் கொண்டவங்கள்.”

பதற்றத்தில் மனிதர் தன் கதையையே புனிதரின் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு சொல்லில் முடிய வேண்டிய பதில்.

பதினெட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். சொன்னதைக் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை.

அம்பு எய்து கொன்றார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார். வருடாவருடம் சொரூபம் தூக்கியவருக்குப் புனிதர் அம்பால் இறக்கவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டாமா என்றார்.

இதை நான் அவரிடம் தமிழில் சொல்ல வேண்டும். அமலதாசன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரமாக அவருக்கு அந்த அறையில் இருந்த வாய் அது ஒன்றுதான்.

ஒலிப்பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒப்புக்கொண்டால் எனக்கு வேலை இன்றோடு சரி. பேசாமல் இருந்தால், இன்னொரு தமிழர் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டுப் பிழையைக் கண்டுபிடிக்கும் நாளில் அமலதாசன் இந்த நாட்டில் இருக்க மாட்டார்.

கையை உயர்த்தினேன். பிழை என்னுடையது, அவர் சொன்னது வேறு என்றேன். என் பிள்ளைகளின் வயதுள்ள அந்த அதிகாரியின் முன்னால் வெட்கம் பிடுங்கித் தின்றது.

முழுவதையும் சொல்லச் சொன்னார்.

ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். செத்தார் என்று விட்டுப் போனதை, ஒரு பெண் மருந்து கட்டியதை, சுகம் வந்ததை. கடைசியில், திரும்பிப் போனபோதுதான் தடியால் அடித்துக் கொன்றார்கள் என்பதை.

அதிகாரி உடனே எழுதவில்லை. தாள்களைப் பின்னால் புரட்டிக்கொண்டே போனார்.

திரும்பிப் போக என்ன பயம் என்ற கேள்விக்குக் கீழே காலையில் காலியாக விட்டிருந்த இடம் வந்ததும் நிறுத்தி, அதில் எழுதத் தொடங்கினார்.