குறுக்கே கிடந்த மரம்

எல்ஜின் பிரேக்கைப் பிடித்துவிட்டுத்தான் "பிரேக்" என்றார்.

ரெட்டைச் சைக்கிளில் இது தலைகீழ். முன்னால் இருப்பவர் முதலில் வாயால் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கையால் செய்ய வேண்டும். மேடு, பள்ளம், வளைவு, பிரேக், எல்லாமே. பின்சீட்டில் மிதிப்பவருக்கு அந்தக் குரல்தான் ரோடு. அதுவும் பின்சீட்டில் இருப்பது பிறவியிலேயே கண் தெரியாத அக்கா என்றால் கேட்கவே வேண்டாம்.

வெர்லீனின் மூக்கு தம்பியின் முதுகில் போய் இடித்தது.

"ஏண்டா, சொல்லிட்டுப் பிடிச்சா உன் சொத்தா அழிஞ்சுரும்?"

"மரம்க்கா. ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கு."

சொல்லிவிட்டாரே தவிர, அது மரம்தானா என்று அவருக்குத் தெரியாது.

முன்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ இருந்தது. ராத்திரி நல்ல காற்று. ராக் கிரீக் காட்டில் மரம் விழுவது புதிதும் அல்ல. ஆனால் அதே சாம்பல் வசந்தகாலத்திலிருந்தே அவர் கண்ணுக்கு நடுவில் குடியிருந்தது. காபிக் கோப்பையைப் பார்த்தால் கோப்பையின் மேல். ஆளைப் பார்த்தால் ஆள் முகத்தின் மேல். ஓரமெல்லாம் பளிச்சென்று தெரியும். எதைப் பார்க்கிறாரோ அது மட்டும் தெரியாது.

எல்ஜின் ஆயுசு பூராவும் பழைய கார் விற்றவர். எந்தக் கீறலை எந்தப் பாலீஷ் மூடும், எந்த இரைச்சலை ரேடியோ போட்டு அமுக்கலாம் என்று அத்துப்படி. சொந்தக் கண்ணின் பழுதை மூடி மறைப்பதா பெரிய வித்தை?

வார இறுதியில் இந்த ஓடைக்கரை ரோட்டில் கார்களை விடமாட்டார்கள் என்பது அவருக்கு வசதியாகப் போயிற்று. கார் இல்லாத ரோட்டில் என்ன வந்துவிடும்? வளைவுகள் மனப்பாடம். பாலங்கள் மனப்பாடம். வேறு சைக்கிள்கள் எதிரே வந்தால் ஓரக்கண் பார்த்துக்கொள்ளும். "இடது வளைவு, மேடு, நேரா" என்று பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்துக்கொண்டே ஓட்டிவந்தார்.

அக்காவுக்கு வாரம் பூராவும் அறைக்குள் வாசம். சனிக்கிழமை காலையில்தான் அவள் காற்றில் பறப்பது. அதை அவளிடமிருந்து பிடுங்க மனம் வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதில் பாதி உண்மை. அவளுக்குப் பார்த்துச் சொல்கிற ஆள் என்பதைத் தவிர சின்ன வயதிலிருந்தே அவர் வேறு யாராகவும் இருந்ததில்லை. அது மறுபாதி.

"எவ்வளவு தண்டி இருக்கும்?" வெர்லீன் காலை ஊன்றி இறங்கினாள். "ரெண்டு பேருமாப் புரட்டித் தள்ளிரலாமா?"

"இரு, நான் போய்..."

"நீ சைக்கிளைப் பிடி. உனக்கு இடுப்பு வலி. நான் தடவிப் பார்த்துட்டு வர்றேன்."

கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு அவள் நடந்தாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அந்த இடத்தில் ரோட்டின் வலப்பக்கம் சுவர் கிடையாது. கீழே பாறைகளுக்கு நடுவே, மழைத் தண்ணீரில் பெருத்துப்போன ஓடை இரைந்துகொண்டிருந்தது.

அவளை நேராகப் பார்த்தார். அவள் இல்லை. சாம்பல் அவளை விழுங்கியிருந்தது.

தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் தேடினார். நீலச் சட்டையின் ஒரு தோள் தெரிந்தது. அப்புறம் அதுவும் போனது.

மரமாக இரு என்று வேண்டிக்கொண்டார். கர்த்தரே, ஒரு மரத்தைப் போட்டு வை. பெரிய மரமாகவே போடு.

செருப்புச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. அவர் பார்த்த மரம் அவ்வளவு தூரத்தில் இல்லை. இதற்குள் அது அவள் கையில் தட்டுப்பட்டிருக்க வேண்டுமே. சத்தம் நிற்கவில்லை. பிறகு ஓடையின் இரைச்சல் அதையும் மூடிக்கொண்டது.

"அக்கா?"

குரலை உயர்த்தினார்.

"அக்கா!"

சைக்கிளைக் கீழே போடவும் முடியாமல், பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியாமல் எல்ஜின் தவித்தார். கண் போச்சு என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவள் இந்நேரம் வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பாள்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. நிதானமாக. போனதைவிட நிதானமாக.

வெர்லீன் அவர் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். உள்ளங்கைகளைத் தட்டி மண்ணை உதறுவதுபோல உதறினாள்.

"யப்பா, என்னா தண்டி! நாலு பேர் கட்டிப்பிடிச்சாலும் கை எட்டாது. நம்மால ஆகாதுடா தம்பி. திருப்பு, தள்ளிக்கிட்டே நடப்போம்."

மரம்தான். கண் சொன்னது சரிதான். எல்ஜினுக்கு அழுகை வரும்போல இருந்தது. சிரித்துவைத்தார்.

சைக்கிளைத் திருப்பினார்கள். அவர் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார், அவள் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம்தான் நடந்திருப்பார்கள்.

பின்னால், மரம் கிடந்த பக்கத்திலிருந்து, சக்கரங்களின் ரீங்காரம் கேட்டது. ஒன்றல்ல, ஒரு கூட்டம். நெருங்க நெருங்க வேகம் கூடியதே தவிர, ஒருவரும் பிரேக் பிடிக்கவில்லை.

வெர்லீன் திடீரென்று உரத்த குரலில் பேச ஆரம்பித்தாள். மத்தியானத்துக்கு மம்போ சாஸ் ஊற்றிய கோழி இறக்கை வாங்க வேண்டும் என்றாள். முனைக் கடைக்காரன் போன தடவை சாஸில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டான் என்றாள். அவன் அப்பன் காலத்தில் கடை இப்படியா இருந்தது என்றாள். பக்கத்து மரத்துப் பறவையெல்லாம் கிளம்பிப் போகிற அளவுக்குக் கத்தினாள்.

"இடது பக்கம்!" என்று, முந்தப்போவதை எச்சரித்துக் குரல் கொடுத்தபடி முதல் சைக்கிள் அவர்களைக் கடந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

"ஆமாக்கா," என்றார் எல்ஜின், அவளைவிட உரக்க. "அவன் சுத்தக் கஞ்சன்."